கொய்யாக் கிளையும் கடப்புத்தடியும்

தில்லையடி முபாறக் வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் வாசிப்பவர். பாலாவியிலிருந்து தலவில வரைக்கும் வீதியோரமும் உள்பாதையும் அவருடைய பகுதி. மாதம் ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போவார். மீற்றரில் இலக்கம் பார்ப்பது நொடி வேலை. வேலியைப் பார்க்கத்தான் அவருக்கு நேரம் எடுக்கும்.

ஓய்வு நேரத்தில் அவர் கைத்தடி செய்வார். விற்பதில்லை. கேட்கிறவருக்கு, அதுவும் அவருடைய நடையைப் பார்த்த பிறகு, கொடுப்பார். வாப்பா தோணித் தச்சராக இருந்தவர். மரம் பார்க்கும் கண் அங்கிருந்து வந்தது. கைத்தடி வேலை மட்டும் அவராகவே பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகியது. முதலில் செய்தவற்றில் பாதி காய்ந்ததும் வெடித்தன. மீதி வளைந்தன. வெட்டிய இரண்டு முனைகளிலும் மெழுகுதிரியை உருக்கிப் பூசினால் வெடிக்காது என்பதையும், கூரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு அடியில் செங்கல் ஒன்றைக் கட்டினால் வளையாது என்பதையும் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

களப்பு ஓரத்துக் கண்டல் மரங்களை அவர் தொடமாட்டார். காட்டுக்கும் போகமாட்டார். வேலியில் வளர்ந்தது, வளவில் வளர்ந்தது, களப்புத் தண்ணீர் கொண்டுவந்து கரையில் போட்டது, இவை மூன்றும்தான் அவருக்குப் பொருள். சட்டத்துக்குப் பயமா என்று கேட்டால் ஓம் என்பார். ஆனால் வேலியில் நிற்கும் கம்பு காற்றோடு மல்லுக்கட்டி வளர்ந்தது, காட்டுக்குள் நிழலில் நெடுத்துப் போனதை விட அதுதான் பாரம் தாங்கும் என்பது அவருடைய எண்ணம்.

நல்ல கம்பைக் கண்டால் உடனே வெட்டமாட்டார். வீட்டுக்காரரிடம் சொல்லிவைப்பார். பெருவிரலை விடச் சற்றுத் தடித்ததும் வந்து வெட்டுவார். அதுவரைக்கும் மாதாமாதம் மீற்றரோடு சேர்த்து அதையும் பார்ப்பார். இப்படி ஊர் முழுக்க வேலிகளில் அவருடைய கைத்தடிகள் இலையும் பூவுமாக வளர்ந்துகொண்டிருந்தன.

அவற்றில் ஒன்று தலவிலைக்குப் போகும் பாதையில், அனஸ்தாசியா என்ற விதவையின் வளவில் நின்ற கொய்யா மரத்தில் இருந்தது. வீதிப் பக்கம் நீண்ட ஒரு கிளை. குறிஞ்சாக் கொடி ஒன்று சின்ன வயதிலேயே அதை இறுக்கிச் சுற்றியிருந்தது. கிளை தடிக்கத் தடிக்கக் கொடி சதைக்குள் புதைந்து, அடியிலிருந்து நுனிவரைக்கும் கயிறு முறுக்கியது போல ஒரு முறுக்கு விழுந்திருந்தது. கடைச்சல் இயந்திரத்தில் வைத்தாலும் அப்படி வராது. நுனி மட்டும் வெயிலைத் தேடி மேலே வளைந்தது. முபாறக் ஒரு கூழாங்கல்லைத் தான் முகம் துடைக்கும் பழைய வெள்ளை லேஞ்சியில் முடிந்து நுனியில் தொங்கவிட்டார். பாரத்துக்குக் கிளை மெல்ல மெல்ல நேராகும்.

அந்தக் கிளையை அவர் தன் நானாவுக்கென்று வைத்திருந்தார்.

நானா ஜபார் முபாறக்குக்கு மூத்தவர், கடற்றொழில் செய்தவர். ஆள் நல்ல உயரம், கனத்த உடம்பு. வள்ளத்திலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு பொருந்திய பிறகு ஆஸ்பத்திரியில் நாலு கால் உள்ள அலுமினியத் தடி ஒன்றைக் கொடுத்து, நடக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஜபார் அதை அறை மூலையில் நிறுத்தி, சாரனும் துவாயும் காயப்போட்டார். முபாறக் தன்னிடம் இருந்த கைத்தடிகளைக் கொண்டுபோனார். ஒன்று பாரத்துக்கு வளைந்தது. மற்றது அவருடைய உயரத்துக்குக் கட்டையாகிப் போனது.

இதற்குள் ஜபாரின் மகள் ஸம்ஹாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. வரும் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து பள்ளியில் நிக்காஹ். மகளைக் கொடுக்க வேண்டிய 'வலி', அதாவது பொறுப்பாளர், வாப்பாதான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் வசனத்தை அவர்தான் சொல்ல வேண்டும்.

"நீயே எனக்குப் பதிலா இருந்து குடு. நான் ஊட்டுல ஈக்கிறன்" என்றார் ஜபார்.

"பள்ளி முக்குல ஈக்குது நானா. வாகனத்துல ஏத்திக்கொண்டு போய் வாசல்ல எறக்குவன்."

"வாசல்ல எறங்கி? அந்த நாலு கால் ஆட்டைப் புடிச்சிக்கொண்டா உள்ள போற? ஊர் முழுக்க வந்து குந்திக்கொண்டு ஈக்கும். மகள்ட நிக்காஹ்வுக்கு ஜபார் குர்பானிக்கு ஆடு கொண்டு வந்தீக்கார் எண்டுவானுகள்."

ஸம்ஹா உள்ளே இருந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அன்று இரவு அவள் சாச்சா முபாறக்கிடம் வந்து, "வாப்பா வராட்டி எனக்கு ஒண்டும் வாணாம் சாச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முபாறக்குக்குக் கணக்குச் சரியாக இருந்தது. கொய்யாக் கிளை நானாவின் பாரத்தைத் தாங்கும். அந்த முறுக்கைப் பார்த்தால் யாரும் நோயாளியின் தடி என்று சொல்லமாட்டார்கள். ஆவணியில் வெட்டினால் பெருநாளுக்குள் நிழலில் ஆறுதலாகக் காயும். அதற்குப் பிந்தினால் ஈரம் போகாது, ஈரக் கம்பில் நானாவை நம்பி ஏற்ற முடியாது.

ஆவணியில் தலவிலையில் கத்தோலிக்கரின் அன்னம்மாள் கோயில் திருவிழா. அந்த வருடமும் வான்களிலும் பஸ்களிலும் கால்நடையாகவும் சனம் அந்தப் பாதையால் போய் வந்தது. திருவிழா முடிந்து முபாறக் வாசிப்புக்குப் போனார். பையில் வாள் இருந்தது, மெழுகுதிரி இருந்தது.

தூரத்திலிருந்து பார்த்தபோது கொய்யா மரத்தில் கொக்குகள் இருக்கின்றன என்று நினைத்தார். கிட்டப் போனதும் நின்றுவிட்டார். கிளை முழுக்கத் துணி, பெரும்பாலும் வெள்ளை. ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு, முடிச்சுக்குள் ஒரு காசு. அவற்றுக்கு நடுவே, கிளையின் நுனியில், அவருடைய லேஞ்சி.

அவருக்கு விளங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் யாரும் ஒரு காரியம் கைகூட வேண்டுமென்றால் துணியில் காசு முடிந்து மரத்தில் கட்டுவது வழக்கம். வீதியோரக் கிளையில் லேஞ்சி முடிச்சைப் பார்த்த யாரோ ஒருவர் இரண்டாவது முடிச்சைப் போட்டிருக்கிறார். இரண்டைப் பார்த்தவர்கள் மூன்றாவதை. அந்தப் பாதையால் போன வேதக்காரர், சைவக்காரர், சிங்களவர் எல்லாரும் கட்டியிருக்க வேண்டும். பச்சைத் துணி இரண்டு தெரிந்ததால் தம்முடைய ஆட்களும் சும்மா போகவில்லை என்று அவருக்குத் தோன்றியது.

கடப்பைத் திறந்து உள்ளே போனார். கடப்பு என்றால் இரண்டு கட்டைகளை நட்டு, துளையிட்டு, குறுக்கே மூன்று தடிகளைச் செருகி வைப்பது. மாடு வராது. மனிதர் மேல்தடியை இழுத்துவிட்டு மற்ற இரண்டையும் தாண்டி வரலாம். அனஸ்தாசியா விறாந்தையில் இருந்து கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது என்ன வேல?"

"நீங்க தொடக்கினதுதானே மீற்றர் தம்பி."

"நான் கட்டினது கல்லு. கிளை நிமிரட்டும் எண்டு கட்டினது."

"கல்லெண்டு எனக்குத் தெரியும். நீங்க கட்டேக்க நான் கிணத்தடியில நிண்டு பாத்தனான்."

"அப்ப கட்ட வாறவங்களுக்குச் சொல்லியிருக்கலாமே!"

"முதல் வந்த மனுசி அழுதுகொண்டு வந்து கட்டினது. அந்த நேரத்தில போய், இது கல்லம்மா, மீற்றர்காரர் கட்டினதெண்டு சொல்லச் சொல்லுறீங்களா? பிறகு வந்த ஆக்களுக்குச் சொல்ல வெளிக்கிட்டா, முதல் வந்த மனுசி என்ன ஆகிறது?"

முபாறக் கிளையைத் திரும்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில், வேலிக்கு உட்புறமாக, ஒரு நீலக்கரைத் துணி முடிச்சு இருந்தது. வீதியிலிருந்து கைக்கு எட்டாத இடம்.

"இது?"

அனஸ்தாசியா கருவாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது என்ட. றொபிக்கு இத்தாலியில இன்னும் பேப்பர் சரிவரயில்ல."

"கல்லெண்டு தெரிஞ்சிக்கொண்டுமா?"

"ஊரெல்லாம் கட்டுது. நான் மட்டும் கட்டாம விட்டு, எல்லாருக்கும் கிடைச்சு, என்ட பொடியனுக்கு மட்டும் கிடையாமப் போனா?" என்று சொல்லித் தானே சிரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வெட்டுறதெண்டா வெட்டுங்க. சொன்ன சொல்லு சொன்னதுதான். தண்ணி தாரன், குடிச்சிட்டு வெட்டுங்க."

முபாறக் தண்ணீரைக் குடித்தார். வாளை வெளியே எடுக்கவில்லை. மீற்றரைப் பார்த்து, பில்லைக் கொடுத்து, "பரவால்ல அக்கா, நிக்கட்டும்" என்றார். நானாவின் கலியாண வீட்டுக் கதையை அவர் சொல்லவில்லை. ஆனால் முகத்தை மறைக்கத் தெரியாதவர். அனஸ்தாசியா தோண்டித் தோண்டிக் கேட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்.

"இப்ப வேற கம்பு வெட்டினா?"

"நானாவத் தாங்குற கம்பு எங்கயும் இல்ல. இருந்தாலும், இனிக் கண்டுபுடிச்சி வெட்டிக் காய்றதுக்குள்ள கலியாணம் முடிஞ்சிரும். காஞ்ச மரமா ஒண்டு கெடச்சாத்தான். காஞ்ச மரத்த யாரு வேலியில வெச்சிருக்கா?"

சொல்லிக்கொண்டே வெளியே வந்து, கடப்பின் மேல்தடியைத் துளைக்குள் தள்ளினார். தள்ளிய கை அப்படியே நின்றது.

தடி உள்ளங்கையில் எண்ணெய் போலப் போனது. கையில் குத்துகிற ஒரு சிலாம்பு இல்லை. மாதாமாதம் அவர் இழுத்துத் தள்ளிய தடிதான். ஒவ்வொரு தடவையும் கண் கொய்யாக் கிளையில் இருந்தது, கை தடியில் இருந்தது. இன்றைக்கு மேலே பார்க்க ஒன்றும் இல்லாததால் கீழே பார்த்தார்.

வெளியே இழுத்து, ஒற்றைக் கண்ணை மூடி நீளத்துக்குப் பார்த்தார். நேர். கட்டையில் மெதுவாகத் தட்டினார். மணி போல ஒலித்தது. நகத்தால் அழுத்தினார். பதியவில்லை.

"இது வீரை மரம்தானே அக்கா?"

"எனக்கென்ன தெரியும். நான் கலியாணம் முடிச்சு இந்த வளவுக்கு வரேக்கயே இருந்தது. மாமனார் போட்டது. என்ன, அதையும் மீற்றர் வாசிக்கப்போறீங்களா?"

"இதத் தந்தா, இதே அளவுக்குப் புதுத்தடி ஒண்டு கொண்டந்து போடுவன்."

அனஸ்தாசியா தடியைப் பார்த்தார், முபாறக்கைப் பார்த்தார். "இவ்வளவு காலமும் என்ட மரத்த அண்ணாந்து பாத்துக்கொண்டு இதப் பிடிச்சுக்கொண்டா நிண்டீங்க!" என்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "கொண்டு போங்க. ஆனா நாளைக்கே தடி வரவேணும். மாடு மிளகாய்க் கண்டுக்க பூந்தா உங்களைத்தான் கட்டிப்போடுவன்."

மறுநாளே பூவரசந்தடி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டார்.

அந்தக் கதையை வீட்டில் சொன்னபோது மனைவி பஹ்மிதா, "கைத்தடி வெட்டப் போய் நேர்ச்சை மரம் ஒண்டு உண்டாக்கி வெச்சீக்கீங்க. மௌலவிட காதுல விழுந்தா அடுத்த ஜும்ஆ பயான் ஒங்களப் பத்தித்தான்" என்றார். அதற்குப் பிறகு முபாறக் எந்தக் கிளையிலும் கல் கட்டும்போது கறுப்பு டியூப் துண்டில்தான் கட்டினார்.

வீரைத்தடியில் அவர் செய்த வேலை கொஞ்சம். கீழ்ப்பாதியை மட்டும் சீவி மெலிதாக்கினார். மேல்பாதியில் உளியோ அரத்தாளோ படவிடவில்லை. ஒரு வீட்டார் தலைமுறைக் காலம் கையால் தேய்த்து ஏற்றிய மினுக்கம் அது. அதற்கு மேல் தன்னால் ஒன்றும் ஏற்ற முடியாது என்று அவருக்குத் தெரியும். துளைக்குள் உரசி உரசி ஓரிடம் தேய்ந்து இடுப்பு விழுந்திருந்தது. அந்த இடம் பிடிக்குச் சற்றுக் கீழே, பெருவிரல் படியும் உயரத்தில் வரும்படி அளவெடுத்து அறுத்தார். பிடிக்குக் களப்புக் கரையில் முன்பு எப்போதோ பொறுக்கி வைத்த புளியமர வேர். தேங்காயெண்ணெய் பூசி, துடைத்து, மறுபடி பூசினார். இந்த வேலையை அவசரமாகச் செய்ய வேண்டியதில்லை என்பதே அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மரம் ஏற்கெனவே காத்திருந்து முடித்துவிட்டது.

நானாவிடம் கொண்டுபோனபோது கைத்தடி என்று சொல்லவில்லை. மடியில் வைத்தார். ஜபார் முகர்ந்து பார்த்தார், தூக்கிப் பாரம் பார்த்தார்.

"வீரை. எந்தத் தோணிட இது?"

"தோணி இல்ல நானா. ஒரு ஊட்டுக் கடப்பு."

"கடப்பா? அப்ப என்ன மாடு மறிக்கவா செல்றாய்?"

"மறிச்சிப் பாருங்களேன்."

ஜபார் தடியை ஊன்றினார். அவருடைய பெருவிரல் தானாகவே அந்தத் தேய்ந்த இடத்துக்குப் போய் அமர்ந்தது. எழுந்தார். தடி வளைகிறதா என்று முபாறக் தரையில் குந்தியிருந்து பார்த்தார். வளையவில்லை. ஜபார் வாசல்வரைக்கும் போனார். அங்கே நின்று வீதியைப் பார்த்தார். திரும்பி வராமல் வீதிக்கு இறங்கினார். ஸம்ஹா சத்தமில்லாமல் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

திரும்பி வந்ததும் ஜபார் சொன்னது: "அடியில வழுக்குது. அந்த ஆட்டுட ஒரு குளம்பைக் கழட்டு."

அலுமினியத் தடியின் நாலு ரப்பர் பாதங்களில் ஒன்றைக் கழற்றி வீரைத்தடிக்கு மாட்டினார்கள். அளவு கொஞ்சம் பெரிது. முபாறக் உள்ளே சைக்கிள் டியூப்பைச் சுற்றிச் சரிப்படுத்தினார்.

நிக்காஹ் அன்று அஸர் தொழுகை முடிந்து சனம் கூடியிருந்தது. ஜபார் வாகனம் வேண்டாம் என்று நடந்தே வந்தார். பள்ளி வாசலில் நின்று, தடியின் அடியைத் தன் லேஞ்சியால் துடைத்துவிட்டு உள்ளே போனார். அவருக்கென்று போட்ட கதிரையில் இருந்து, மாப்பிள்ளை ஹில்மியின் கையைப் பிடிக்க நேரம் வந்தபோது தடியைத் தம்பியிடம் நீட்டினார். வசனத்தைச் சொல்லி முடிக்கும்வரைக்கும் முபாறக் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். தடி நானாவின் கைச்சூட்டில் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து பேர் தடியைச் சுற்றிக்கொண்டார்கள். எந்த நாட்டுச் சாமான் என்று ஒருவர் கேட்டார். "தலவில பக்கத்துச் சாமான். காலமெல்லாம் ஒரு மாட்ட மறிச்ச சாமான்" என்று ஜபார் தொடங்கினார். அவர் சொன்ன கதையில் மாடு மூன்றாகிவிட்டது.

கலியாணம் முடிந்து வந்த வாசிப்பில் முபாறக் கொய்யா மரத்தடிக்குப் போனபோது கிளை முடிச்சுகளின் பாரத்தில் வேலிவரைக்கும் தாழ்ந்திருந்தது. இனி அது கைத்தடிக்கு உதவாது. அவர் அதிக நேரம் அண்ணாந்து பார்க்கவில்லை. கடப்புத்தடியைப் பிடித்தார்.

"கவனம், உங்கட தடி சிலாம்பு" என்றார் விறாந்தையிலிருந்து அனஸ்தாசியா. "என்ட கை முழுக்கக் கீறல். கலியாணம் எப்படி? நானா வந்தவரா?"

"நடந்து வந்தார் அக்கா. றொபிட பேப்பர்?"

"இன்னும் இல்ல. வரும்."

முபாறக் பையிலிருந்து அரத்தாளை எடுத்தார். மீற்றரைப் பார்ப்பதற்கு முன்னால் கடப்பருகில் குந்தி, கைபடும் இடத்தில் மட்டும் தடியைத் தேய்க்கத் தொடங்கினார்.