ஒன்பதாம் மாடியில் மூச்சுப் பயிற்சி

வெள்ளவத்தையில் நான் வாயைத் திறந்தால் போதும், எதிரில் நிற்பவரின் தமிழ் மாறிவிடும். அதுவரை யாரோடோ "ஓம், நேற்றே கதைச்சனான்" என்று பேசிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர், என் குரலைக் கேட்டதும் டி.வி. சீரியல் மாமனாராகி, "சொல்லுங்கம்மா, என்ன வேணும்?" என்பார். கணவரின் வேலைக்காகத் திருச்சியிலிருந்து கொழும்புக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கோ தொழிலில் இடிக்கிறது. நான் உளவள ஆலோசகர். மனசு விட்டுப் பேச வருகிறவர்கள் எனக்காகச் சீரியல் தமிழ் பேசினால் நான் யாருடைய மனசைக் கேட்பது?

எங்கள் ஆலோசனை நிலையம் கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. மரியா அங்கே வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. துறைமுகப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், கணவர் இல்லை. கிராண்ட்பாஸில் ஒரு சந்துக்குள் வீட்டு வாசலிலேயே இடியப்பம் விற்றுப் பிழைத்தவர். அந்த நிலம் அரசுக்கு வேண்டும் என்று எல்லோரையும் கிளப்பி, அடுக்குமாடி ஒன்றில் ஏற்றிவிட்டார்கள். மரியாவுக்குக் கிடைத்தது ஒன்பதாம் மாடி. தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றார். நானும் படித்தபடி, நாலு எண்ணி மூச்சை இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள் என்றேன். இரண்டு வாரம் எனக்காகச் செய்தார். மூன்றாம் வாரம் ஆளைக் காணோம். போன் போட்டேன்.

"லிஃப்ட் முழுசா நிண்டுட்டு மிஸ். எனக்கு முழங்கால் ஏலாது. ஏவாரமும் போச்சு. நீங்க ஒருக்கா ஒன்பது மாடி ஏறிட்டு வாங்க, பொறகு மூச்சப் பத்திப் பேசுவம்."

அதுவரை என்னிடம் பேசிய சீரியல் தமிழ் எங்கே போனதென்றே தெரியவில்லை. அன்று மாலையே ஏறினேன். ஆறாம் மாடியில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நாலு எண்ணி இழுக்க எங்கே மூச்சு இருந்தது?

திருச்சியில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள், ஆலோசகர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே ஏ.சி. அறையில் உட்கார்ந்து நானும் சாயாமலேதான் இருந்தேன். வந்தவர்களெல்லாம் என்னைப் போன்ற வசதிக்காரர்கள், என்னைப் போன்ற சாதிக்காரர்கள். நகரத்தின் குப்பையை அள்ளுகிறவர்கள் ஏன் என் அறைக்கு வருவதில்லை என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் நடுநிலைமைக்குக் காரணம் என் பயிற்சி அல்ல, என் சௌகரியம்.

அதன் பிறகு மரியாவைப் பார்க்க வாராவாரம் நானே ஏறினேன். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காது, படிக்கட்டில்தான் உட்காருவோம். எதிர்வீட்டுச் சிங்களப் பெண் சோமா, "வாடிவென்ட மிஸ்" என்று உட்காரச் சொல்லி பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஏழாம் மாடி ரிஹானா தேத்தண்ணியோடு வருவார். இரகசியம் காப்பது எங்கள் தொழிலின் முதல் விதி, எனக்குப் பதறியது. மரியா சிரித்தார். "இவங்களுக்குத் தெரியாத என்ன இருக்கு மிஸ், உங்களுக்குத்தானே ஒண்டும் தெரியாது?"

உண்மைதான். லிஃப்டைத் திருத்தச் சொல்லி மனு எழுதுவது என்று முடிவானதும், நான் வேகமாக, "இங்கு வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள்" என்று ஆரம்பித்தேன். ரிஹானா எட்டிப் பார்த்தார்.

"எங்களச் சேர்க்கல்லயா?"

"நீங்களும் தமிழ்தானே?"

"இல்ல மிஸ், நாங்க முஸ்லிம். தமிழ் பேசுவம், அவ்வளவுதான்."

திருச்சியில் என் பக்கத்து வீட்டு முஸ்லிம் தோழி இதைக் கேட்டால் சண்டைக்கே வந்துவிடுவாள். இங்கே முஸ்லிம் என்பது தனி இனம், அதற்கு வேறு வரலாறு. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். "இம்மாடிகளில் குடியிருப்போர்" என்று மரியாவே சொல்ல, நான் எழுதினேன். சிங்களத்தில் சோமா எழுதினார்.

விஷயம் நிலையப் பொறுப்பாளர் வத்சலா அக்காவின் காதுக்குப் போனது. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷி.

"காயத்திரி, நாங்கள் கவுன்சலர்மார். மனு எழுதுற ஆக்கள் இல்லை. நீங்கள் வெளிநாட்டு ஆள் வேற. விசாக் கடிதத்தில நான்தான் சைன் வைக்கிறனான், விளங்குதோ?"

"லிஃப்ட் இல்லாம அடைஞ்சு கிடக்கிற பொம்பளைக்கு மனச்சோர்வுன்னு மட்டும் ஃபைல்ல எழுதினா, அதுவும் ஒரு பக்கம் சாயறதுதான்க்கா."

போர்க்காலத்தில் மனுக்களில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு என்ன ஆனது என்று கண்ணால் பார்த்த தலைமுறை அக்காவுடையது. அந்தப் பயத்தை நான் ஒருநாளும் கேலி செய்யமாட்டேன். ஆனால் எனக்குப் பொங்கிக்கொண்டுதான் வந்தது. மரியாவின் ஃபைலை எடுத்து, சிகிச்சைத் திட்டம் என்ற இடத்தில் "லிஃப்டைத் திருத்துதல்" என்று எழுதி அக்காவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் படிக்கட்டில் மனு கைமாறியது. பெயர், கதவு இலக்கம், கையெழுத்து. எல்லோரும் போட்டு முடித்த பிறகு மரியா பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நான் இங்க குடியிருக்கலையே மரியாம்மா."

"கிழமைக்கு ஒருக்கா ஏறி இறங்குறீங்க. லிஃப்ட் உங்களுக்கும்தானே இல்ல? என்ட நம்பரப் போடுங்க. ஆரும் கேட்டா என்ட வீட்டு ஆள் எண்டு நான் சொல்றன்."

விசா நினைவுக்கு வந்தது. பயந்தேன், பொய் சொல்லமாட்டேன். பயத்தோடே மரியாவின் கதவு இலக்கத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதை எழுதும் இன்றுவரை லிஃப்ட் ஓடவில்லை. என் விசாக் கடிதமும் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. ஊருக்கு அனுப்பினால் போவேன், அங்கேயும் ஏறவேண்டிய படிகள் இருக்கின்றன. நேற்று வத்சலா அக்கா மனுவின் நகலை வைத்துக்கொண்டு, "இதில உங்கட பேரை மட்டும் வெட்டிவிடலாம்" என்றார். பாஸ்போர்ட்டில் திருச்சி உறையூர் முகவரி, மனுவில் மரியாவின் கதவு இலக்கம். இரண்டின் கீழும் இருப்பது என் கையெழுத்துதான், எதையும் வெட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒன்பது மாடி ஏறப் புறப்பட்டேன்.