ஒருநிமிஷம் அக்காவும் மோடம் பெட்டியும்

தண்ணீர் பம்ப் விற்கும் அந்தக் கம்பெனியில் ஆபரேட்டர் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ‘ஒருநிமிஷம்’ அக்கா. பதினோரு வருஷமாக நாளுக்கு இருநூறு தடவை “ஒரு நிமிஷம், லைன்ல இருங்க” என்று சொன்னால் பெயர் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? வீட்டில் காபி குடிக்கக் கூப்பிட்டால்கூட அதையேதான் சொல்கிறாள் என்று தையல்காரரான அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கம்பெனியின் நாற்பது போன்களையும் இணைக்கும் எக்ஸ்சேஞ்ச், மாடிப்படிக்குக் கீழே துடைப்பங்களுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரிக்குள் இருந்தது. அதில் சின்ன மாற்றம் செய்வதென்றாலும் சர்வீஸ் இன்ஜினியர் வெளியூரிலிருந்து வர வேண்டும். கூப்பிட்டால் நாலு நாள் கழித்து வருவார். அதற்குள் மாடிக்கு இடம் மாறிய ஆள் மேலே உட்கார்ந்திருக்க, அவருடைய போன் கீழே தனியாக அடித்துக்கொண்டிருக்கும்.

அலைந்து அலுத்துப்போன இன்ஜினியர் ஒரு மோடத்தைக் கூரியரில் அனுப்பிவைத்தார். டிபன் டப்பா அளவுதான். ஒரு பக்கம் போன் லைன், மறுபக்கம் எக்ஸ்சேஞ்ச். மாட்டிவிட்டால் அவர் இருந்த இடத்திலிருந்தே உள்ளே நுழைந்து வேலையை முடித்துவிடலாம்.

மேலாளர் அதைத் தொடவே பயந்தார். “ஏதாவது ஆச்சுன்னா நாற்பது போனும் ஊமையாயிடும். அவரே வந்து மாட்டட்டும்.”

“அவர் மாட்டிட்டுப் போயிடுவாரு சார். கூட இருந்து மாரடிக்கப் போறது நான்தானே. நானே மாட்டுறேன்,” என்றாள் அக்கா.

அழைப்புகள் குறைவான ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை ஆரம்பமானது. இன்ஜினியர் போனில் சொல்லச் சொல்ல, அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு மோடத்தை முதலில் கம்ப்யூட்டரில் மாட்டினாள். அவர் சொன்ன இரண்டு எழுத்தைத் தட்டியதும் திரையில் ‘ஓகே’ என்று பதில் வந்தது.

“ஒரு தடவை கூப்பிட்டதுக்கே பதில் சொல்லுது சார். எங்க வீட்டுக்காரர் மிஷின்ல உட்கார்ந்தா நாலு தடவை கூப்பிடணும்.”

இரண்டாவது மணியிலேயே போனை எடுக்கும்படி மோடத்துக்குக் கட்டளை கொடுத்துச் சேமித்தாள். கேபிளைக் கழற்றி எக்ஸ்சேஞ்சில் செருகினாள். இன்ஜினியர் இன்னொரு லைனில் தன் கம்ப்யூட்டரிலிருந்து மோடம் எண்ணுக்கு அடித்தார். இரண்டு மணி, ஒரு கீச்சுச் சத்தம், பிறகு அமைதி. மோடத்தின் விளக்குகள் சிமிட்டாமல் நின்று எரிந்தன.

“லைன் சேருது மேடம். ஆனா என் ஸ்கிரீன்ல வர்றதெல்லாம் வெறும் கிறுக்கலா இருக்கு,” என்றார். மூன்று தடவை பார்த்தும் அதே கிறுக்கல்தான். “மோடம்தான் கோளாறு போல. பேக் பண்ணி அனுப்பிடுங்க.”

‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று மேலாளர் நெற்றியில் எழுதி ஒட்டாத குறை.

அக்காவுக்கு மனசு வரவில்லை. கோளாறென்றால் கம்ப்யூட்டரிடம் மட்டும் எப்படி அத்தனை ஒழுங்காகப் பேசியது? காது மந்தமான வாடிக்கையாளர் ஒருவர் வாராவாரம் அழைப்பார். மற்றவர்களிடம் பேசுகிற வேகத்தில் அவரிடம் எண்ணைச் சொன்னால் முழுவதும் தப்பாகத்தான் எழுதிக்கொள்வார். நிறுத்தி நிறுத்திச் சொன்னால் ஒரு பிசகும் வராது.

“சார், தப்பா இருந்தா சிரிக்காதீங்க. கம்ப்யூட்டர் பேசுற வேகமும் எக்ஸ்சேஞ்ச் பேசுற வேகமும் ஒண்ணுதானா?”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“எக்ஸ்சேஞ்ச் வேகம் ஒன்பதாயிரத்து அறுநூறு. உங்க கம்ப்யூட்டர்ல எவ்வளவு இருக்கு?”

“ஒரு லட்சத்துப் பதினஞ்சாயிரத்து இருநூறு. நீங்க ஒண்ணும் சொல்லல, அப்படியே விட்டுட்டேன்.”

“என் தலையில நானே குட்டிக்கணும் மேடம். கடைசியா எந்த வேகத்துல பேசிச் சேமிச்சோமோ, மோடம் அதுலயேதான் நிக்கும்.”

அவள் மோடத்தை மறுபடி கம்ப்யூட்டரில் மாட்டி, வேகத்தைக் குறைத்து, எல்லாவற்றையும் திரும்பத் தட்டிச் சேமித்தாள். கேபிள் எக்ஸ்சேஞ்சுக்குப் போனது. மணி, கீச்சு, அமைதி.

“வந்துடுச்சு மேடம். நாற்பது பேரும் வரிசையா நிக்கறாங்க.” இன்ஜினியர் குரலில் சந்தோஷம் வழிந்தது. “முதல் வேலை உங்களுக்குத்தான். என்ன மாத்தணும், சொல்லுங்க.”

அவள் யோசிக்கவே இல்லை. “மத்தியானம் ஒரு மணியிலிருந்து அரை மணி நேரம், எனக்கு வர்ற போனெல்லாம் விற்பனைப் பிரிவுக்குப் போகட்டும் சார். பதினோரு வருஷமா ஒரு கையில ரிசீவரும் ஒரு கையில சாப்பாடுமா இருக்கேன்.”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“என் சாப்பாட்டுக்காக உங்கள வெளியூர்லேர்ந்து வரவழைக்கிறதா?”

திங்கட்கிழமை ஒரு மணிக்கு அவள் மேஜை போன் அடங்கியது. செத்துவிட்டதோ என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். விற்பனைப் பிரிவில் போன் அடிப்பது கேட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு பின்கட்டில் கிடங்கு ஆட்கள் சாப்பிடும் அறைக்குப் போனாள். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பாதிப் பேரை அவளுக்குக் குரலாகத்தான் தெரியும்.

“நீங்கதான் எக்ஸ்டென்ஷன் இருபத்தேழா? குரலைக் கேட்டு ஆறடி ஆளுன்னு நினைச்சிருந்தேன்,” என்றாள் எதிரே இருந்த குட்டையான மனிதரிடம்.

“நான் உங்கள சிடுமூஞ்சின்னு நினைச்சிருந்தேன் அக்கா,” என்றார் அவர்.

அறையே சிரித்தது. அன்றைக்கு அவள் ஐந்து நிமிஷம் தாமதமாகத்தான் எழுந்தாள்.