தொடக்கக் குழாய்

2023 ஆகஸ்ட் 17, வியாழன். ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏழு நாற்பது பஸ். எட்டரைக்கு ராஜபாளையத்தில் கல்லூரி ஆய்வகத்தைத் திறந்து, இன்குபேட்டரின் வெப்பத்தை நோட்டில் எழுதினேன்: 37.

எங்கள் சோதனை சிறியது. பாக்டீரியா ஒரு புரதம் செய்ய, மரபணுவிலிருந்து எம்.ஆர்.என்.ஏ. என்ற நகலை எடுக்கிறது. புரதம் தேவையில்லை என்றால் நகலெடுப்பதை நிறுத்தினால் மட்டும் போதாது. எடுத்த நகலையும் சிதைத்தாக வேண்டும். எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்று பார்க்க, நகலெடுப்பதை ஒரு மருந்தால் நிறுத்திவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுப்பேன். நிறுத்து கரைசலை ஊற்றினால் அந்தக் குழாயில் சிதைவு நிற்கும்.

இதுவரை செய்த மூன்று முறையும் ஒரே கோளாறு. மருந்து போட்டதும் எடுத்த தொடக்கக் குழாயிலும் இரண்டாம் நிமிடக் குழாயிலும் நகல் ஒரே அளவு இருந்தது. பாதியாகக் குறைந்திருக்க வேண்டும்.

துறைத் தலைவி கையுறை இல்லாமல் குழாய்களைத் தொடுவதை நான் பார்த்திருக்கிறேன். வியர்வை பட்டாலே இந்த நகல் சிதையும். புதன்கிழமையே கல்லூரி முதல்வருக்குப் புகார் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். வெள்ளி பத்து மணிக்கு அது அவர் மேசைக்குப் போகும், போனால் விசாரணைதான்.

தலைவிக்கு விஷயம் தெரிந்திருந்தது. பதினொன்றரைக்கு வந்து, என் பின்னால் கைகட்டி நின்றார். மருந்தைப் போட்டு, தொடக்க மாதிரியை எடுத்தேன். வழக்கம்போல் குழாயில் தேதி, வெப்பம், வளர்ப்பு எண், கையொப்பம் எழுதினேன். பிறகு கரைசலை ஊற்றினேன்.

"சார், நீங்க கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் அது சிதையாம காத்துக்கிட்டு இருக்குமா?"

விவரம் எழுதாத குழாய் குப்பைக்குத்தான் போகும் என்றேன்.

"மத்த குழாய்ல வெறும் நம்பர்தானே போடுறிய? என் கை பட்டிருந்தா அம்புட்டுக் குழாயும்ல போயிருக்கும். முதல் குழாய் மட்டும் எப்படிப் போச்சு?"

அவர் சிரித்துக்கொண்டே, நாளைக்கு முதல்வரிடமே பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. இப்போதும்தான்.

கதவைச் சாத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதே விவரத்தை வேறொரு குழாயில் எழுதினேன். தொண்ணூற்றைந்து விநாடி, இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மறுபடி எழுதினேன். தொண்ணூற்றிரண்டு. நோட்டில் இரண்டையும் குறித்தேன்.

மறுநாள் காலை ஆய்வகத்துக்குப் போகவில்லை. எழுத்தர் வருவதற்கு முன்பே அலுவலக வாசலில் நின்றேன். அவர் பூட்டைத் திறந்ததும் முதல் வேலையாகப் புகார்க் கடிதத்தைத் திரும்ப வாங்கி, அங்கேயே நான்காகக் கிழித்தேன்.