தேக்கா என்றால் தேக்கு

அந்தப் பெண் அணிந்துரை கேட்டு வந்தபோதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியை, முப்பது வயதிருக்காது. நம்மவர்கள் சிங்கப்பூரில் குடியேறிய வரலாற்றை எழுதி, அச்சகத்தில் கொடுத்த மெய்ப்புத் தாள்களை என் மேசைமேல் வைத்தாள்.

"உங்க புத்தகத்தைப் படிச்சுட்டுத்தான் சார் எழுதவே ஆரம்பிச்சேன். ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தாப் போதும்" என்றாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மலாயா, ஜாவா, கடாரம் என்று ஆளாளுக்கு வரலாறு எழுதக் கிளம்பியிருந்த காலம். நான் சில வருடங்கள் முந்திக்கொண்டவன், அவ்வளவுதான். அந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எத்தனை மேடைகளில் மாலைக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவள் போனதும் தாள்களைப் புரட்டினேன். மூன்றாம் இயலில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'தேக்கா என்னும் பெயர் தேக்கிலிருந்து வந்தது. அங்கே தேக்குமரங்கள் அடர்ந்திருந்ததாக மூத்த குடிகள் ஒருமுகமாகக் கூறுகின்றனர்.' நம்மவர்கள் கூடும் தேக்கா வட்டாரத்தைப் பற்றிய என் வரி, ஒரு புள்ளி மாறாமல். அதன்மேல் அவள் இயல் முழுவதையும் எழுப்பியிருந்தாள். மரம் அறுத்த தமிழர்கள், அவர்கள் பட்டறை, அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் என்று அழகாக, உருக்கமாக எழுதியிருந்தாள்.

மூத்த குடிகள் யார் என்று எனக்கல்லவா தெரியும். ஒரே ஒரு பால்காரர். மாட்டைக் கறந்துகொண்டிருந்தவரிடம் நோட்டும் கையுமாகப் போய், "இங்க தேக்கு மரம் நின்னிருக்கும் இல்லைங்களா?" என்று கேட்டேன். அவர் தலை நிமிராமல், "நின்னிருக்கும்லா" என்றார். ஆளை அனுப்பிவைக்க இவ்வூர்ப் பேச்சில் ஒட்டும் அந்த 'லா'வை நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. கேள்வியையும்தான்.

புத்தகம் வந்த மறுவருடம் தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மூங்கில் கூடை வாங்கப் போனேன். கடைக்காரர் சீனர். இந்த இடத்துக்குப் பேர் வைத்ததே நாங்கள்தான் என்று, எனக்குத் தெரிந்த மார்க்கெட் மலாயில் அவரிடம் பெருமையடித்தேன். அவர் கையிலிருந்த கூடையைத் தட்டிக் காட்டினார்.

"தேக் இத்து பூலோ. கா இத்து காக்கி."

தேக் என்றால் அவர்கள் ஹொக்கியன் மொழியில் மூங்கில். கா என்றால் கால். மூங்கில் புதர்களின் அடி. இடத்தின் பெயர் அவ்வளவுதான். தமிழ்க் காதில் விழுந்ததை நான் தமிழாக்கிவிட்டிருந்தேன். கூடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். இரண்டாம் பதிப்பும் வந்தது. அந்த வரி அப்படியே இருந்தது. அதை எடுத்தால் என் பெயர் என்னாவது என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

இப்போது அது இன்னொருத்தி புத்தகத்திலும் ஏறி உட்கார்ந்திருந்தது. மூன்றாம் இயலைப் புகழ்ந்தே அணிந்துரை எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். அதையும் கிழித்தேன். அவள் கெட்டிக்காரி. என்றாவது யாராவது அவளிடமும் ஒரு கூடையைத் தட்டிக் காட்டுவார்கள். அன்று அவள் மானம்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். உட்காரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், பால்காரர் உட்பட. என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் அழுவாள், அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"எப்போலேர்ந்து சார் தெரியும்?"

"நாலு வருஷமா."

"அச்சுக் கோத்துட்டாங்க. பரவாயில்ல, அந்தச் சாப்டரை எடுத்துடறேன்" என்றாள். தாள்களை அடுக்கிக் கட்டப்போனவள் நின்றாள். கைப்பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓரமெல்லாம் அடையாளச் சீட்டுகள்.

"இதுலேர்ந்து இன்னும் நெறைய எடத்துல எடுத்திருக்கேன் சார். எதெல்லாம் நிஜம்னு காட்டுங்க. அதை மட்டும் வெச்சுக்கறேன்."

புத்தகத்தைத் திறந்தேன். முதல் சீட்டு இருந்த பக்கத்தில் 'என்பர்' என்று முடிந்திருந்தது ஒரு வரி. அடுத்ததில் 'எனக் கூறுகின்றனர்.' யார் கூறினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் வரவில்லை. அவள் பென்சிலைச் சீவி என் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு வரிக்குக்கூட நிஜம் என்று கோடு போட எனக்குத் தைரியம் வரவில்லை.