ஞானமுத்து நட்ட மட்டி வாழை

வாடகை வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகி அலைந்தவர்களுக்குத் தெரியும்: இனி வரவே முடியாதவரின் பூட்டைத் திறக்கத்தான் கை கூசும். எங்கள் நாஞ்சில் நாட்டு வழக்கப்படி மாமனின் சொத்துக்கு, அவர் சகோதரி மகனான மருமகன்தான் ஓட வேண்டும். நானும் ஓடினேன்.

தண்ணீர்

மாமாவின் வடசேரி வீட்டில் ஞானமுத்து குடியிருந்தார். மனைவி ராகேல் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அந்தச் சமயம் பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் அவருக்குக் கணக்கு வேலை கிடைத்தது. புறப்படும்போது சாவியைத் தந்துவிட்டு, புறவாசலில் நட்ட மட்டி வாழையைக் காட்டினார். முதல் குலை அவர்களுடைய கிறிஸ்தவக் கோயிலின் அறுப்புப் பண்டிகைக்கு நேர்ந்ததாம்.

"தண்ணி மட்டும் விடுங்க தம்பி. குலை வெட்ட நான் வந்திருவேன்."

தொட்டில்

வாழை குலை தள்ளியது. அவர் வரவில்லை. மலைக்காய்ச்சலில் போய்விட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று ஆள் வந்து சொன்னான்.

வீடு கேட்டுச் சுசீந்திரத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். திறந்து காட்டினேன். தாத்தா சொல்லும் கதைகளில் பூட்டிய வீட்டுக்குள் பூதமோ புதையலோ இருக்கும். இங்கே உத்தரத்தில் புதுக் கயிறு கட்டி, தொட்டில் துணி மாட்டியிருந்தது. பிள்ளை பிறக்குமுன்னே கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாத்தியார் அதைப் பார்க்கவில்லை, புறவாசலைப் பார்த்தார்.

"குலை வீட்டோட சேர்ந்ததுதானே?"

மாமா

குடியிருப்பவர் எதை நட்டாலும், போகும்போது அது மண்ணுக்குச் சொந்தம். மாமாவின் சட்டம் அது. குலையை வாத்தியாருக்குத்தான் விடுவார் என்று நினைத்தேன். நேர்ச்சை என்று மெல்லச் சொன்னேன். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"சாமி எதுவானா என்னலே? நேர்ச்சைக் குலையைத் தின்னு எவனுக்குச் செமிக்கும்? முத்துறவரைக்கும் வாத்தியாரைப் பொறுக்கச் சொல்லு."

வாத்தியார் பொறுக்கவில்லை, வேறு வீடு பார்த்துக்கொண்டார். வீடு பூட்டியே கிடந்தது.

இன்னொரு சாவி

பண்டிகைக்கு முந்தின நாள் ராகேல் கைக்குழந்தையோடு வந்தாள். நேர்ந்தவர்தான் வெட்ட வேண்டும், அவருக்குப் பதில் பிள்ளை என்று, அதன் விரலை வெட்டுகத்திப் பிடியில் தொட வைத்து என்னிடம் தந்தாள். நான் வெட்டினேன். தாய்வாழையின் அடியில் பக்கக்கன்று ஒன்று முளைத்து நின்றது. உள்ளே போய்த் தொட்டிலை அவளே அவிழ்த்தாள். அவிழ்க்குமுன் பிள்ளையை அதில் ஒருதரம் கிடத்தினாள், ஆட்டவில்லை.

பிறகு முந்தானை முடிச்சிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தாள். தாய்வீடு போகையில் கொண்டுபோனதாம். குலையைச் சுமட்டுக்காரன் தலையில் ஏற்றியபிறகுதான் அதை என் கையில் வைத்தாள்.

"புதுசா வாறவியகிட்ட அந்தக் கன்னைப் பிடுங்காதீங்கன்னு சொல்லுங்க அண்ணே. அவிய வச்சதாக்கும்."

சாவி இரண்டும் திரும்பி வந்தால் வீடு காலி என்பதுதான் எங்கள் தொழிலில் சட்டம், புறவாசல் வாழைக்கன்று மட்டும் இன்னும் அதற்குச் சம்மதிக்கவில்லை.