தினம் ஏழு புகார்

முதல்லயே ஒத்துக்கறேன், நான் ஒரு முட்டாள். அஞ்சல் வழியில புள்ளியியல் படிச்சு ரெண்டாவது தடவையில பாஸ் ஆனவன், கேக்காதவங்களுக்கெல்லாம் பாடம் எடுத்துக்கிட்டுத் திரிஞ்சேன். பேய், சகுனம் எதையும் நம்புனதில்ல. எங்க வீட்டம்மா சொல்றதையே பாதிதான் நம்புவேன்.

நெய்வேலி டவுன்ஷிப்புல குவார்ட்டர்ஸ் பராமரிப்பு ஆபீஸ் ஒண்ணுல நான் சூப்பர்வைசர். குழாய் ஒழுகுது, ஃபேன் சுத்தலன்னு ஜனங்க போன் பண்ணுவாங்க. காலையில எட்டு மணியிலேருந்து ஒரு மணி வரைக்கும் அதை வாங்கிப் பதிவேட்டுல எழுதறது கலைவாணியம்மா. பக்கத்து ஊரு வடக்குத்துலேருந்து வர்ற கான்ட்ராக்ட் ஆளு. ஒருநாள் அந்தப் பதிவேட்டைச் சும்மா புரட்டுனேன். ஏழு புகார். மறுநாளும் ஏழு. ரெண்டு மாசமா ஒருநாள் தப்பாம ஏழு!

பரீட்சைக்குப் படிச்சு எனக்குள்ள தூங்கிட்டிருந்த பாய்சான் பரவல்ங்கற கணக்கு எழுந்து உக்காந்துது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம வர்ற புகாருக்குச் சராசரி ஏழுன்னா, ஒருநாள் நாலு வரும், ஒருநாள் பதினொண்ணு வரும், கோணல்மாணலாத்தான் இருக்கும். நேர்வகிடு எடுத்த மாதிரி இருந்தா யாரோ சீப்பு வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

"ஏம்மா, ஏழு எழுதிட்டு அப்புறம் போனையே எடுக்கறதில்லையா?"

"வர்றத எழுதிகினு இருக்கேன் சார். வராதத எப்பிடி எழுதறது?"

திமிருன்னு நெனச்சேன். இட்டுக்கட்டி எழுதறாங்கன்னு ஒரு ரிப்போர்ட் தயார் பண்ணி டிராயர்ல வெச்சேன். மாசக் கடைசியில அந்தம்மா வேலைக்கு உள்ள வர்றதுக்கான கேட் பாஸ் புதுப்பிக்கணும். என் ரிப்போர்ட் மேல போனா பாஸ் கெடையாது, அந்த வீட்டுக்கு வர்ற ஒரே சம்பளமும் நின்னுடும். ஆதாரம் வேணுமேன்னு, மூணு நாள் அவங்கள வேற ஆபீசுக்கு அனுப்பிட்டுப் போன் முன்னாடி நானே உக்காந்தேன்.

மொத நாள் ஏழு. சரி, தற்செயல். ரெண்டாம் நாள் கொட்டுற மழை, இருபதாச்சும் வரும்னு பேனாவுக்குப் புது ரீஃபில் போட்டுக்கிட்டு உக்காந்தேன். ஏழு. மூணாம் நாள் பன்னெண்டரைக்கே ஏழு ஆயிடுச்சு. எட்டாவதை நாமளே உண்டாக்கிடலாம்னு செல்லுல வீட்டுக்கு அடிச்சேன்.

"மாலதி, எங்க ஆபீஸ் நம்பருக்குப் போட்டு, கிச்சன் குழாய் ஒழுகுதுன்னு சொல்லு."

"நல்லாத்தானேங்க இருக்கு?"

"சொல்லு, அறிவியலுக்காக."

ஒரு மணி வரைக்கும் போன் அடிக்கவே இல்ல. தூக்கிப் பாத்தேன், டயல் டோன் வருது. பதிவேட்டை பீரோவுல வெச்சுப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போய், "ஏன் போடல?"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

"போட்டேனே! ஒரு பொம்பள எடுத்தாங்க. இன்னிக்கு முடிஞ்சுதும்மா, நாளைக்கு மொத ஆளா எழுதிக்கறேன்னாங்க."

செல்லைப் பிடுங்கிப் பாத்தேன். எங்க ஆபீஸ் நம்பர்தான், பேசியும் இருக்கா. நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க, அந்த ரூம்ல என்னைத் தவிர ஆள் இல்ல. கலைவாணியம்மா அந்நேரம் வேற ஆபீஸ்ல நாலு பேருக்கு நடுவுல இருந்திருக்காங்க, விசாரிச்சுட்டேன்.

மறுநாள் பீரோவைத் திறந்து புதுப் பக்கத்தைப் புரட்டுனேன். முதல் வரியில என் குவார்ட்டர்ஸ் நம்பர், கிச்சன் குழாய் ஒழுகுது. கையெழுத்து என்னோடது. 'ழ'வுக்கு நான் போடற கோணல் வால்கூட அப்படியே இருந்துது. நீயே எழுதிட்டு மறந்திருப்பன்னு சொல்லுவீங்க. அப்படி இருந்தா எனக்கும் நிம்மதிதான். இன்னிக்கும் 'ழ' எழுத வந்தா கை ஒரு நிமிஷம் நிக்குது. அன்னிக்கும் நானேதான் போன் எடுத்தேன், அந்த வரியோட சேத்து ஏழு.

ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டேன். பாஸ் புதுப்பிச்சு வந்து கலைவாணியம்மா பழைய நாற்காலியில உக்காந்ததும், பக்கத்துல போய் நின்னேன்.

"தப்பா சந்தேகப்பட்டுட்டேம்மா, மன்னிச்சுக்கங்க. உங்க பேர்ல ரிப்போர்ட்கூட எழுதிட்டேன். ஆனா நெசமாச் சொல்லுங்க, தினம் எப்படி ஏழு வருது?"

அந்தம்மா தலையைக்கூடத் தூக்கல.

"நான் எழுதிகினுதான் இருந்தேன் சார், எண்ணுனது நீங்கதான்."