மூன்று பொட்டு ஹெல்மெட்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மணவாளனைப் போல் சுத்தமாக வெல்டிங் வைக்க ஆள் கிடையாது. அவனைப் போல் பிடிவாதக்காரனும் கிடையாது. முப்பத்து நாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஜாதகத்தைக் குறை சொல்வான். நான் அதே ஷெட்டில் ஃபிட்டர். ஒவ்வொரு முறையும் கூடப் போனவன். குறை ஜாதகத்தில் இல்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம், "உங்க ஊட்டு கேட்டுல வெல்டிங் சரியில்ல" என்று பெண்ணின் அப்பாவிடமே சொல்லிவிடுவான். அப்புறம் காபி வருமா?

2007இல் எங்கள் முதலாளி ஹனீப் பாய், துபாயிலிருந்த மச்சானிடம் சொல்லி அவனுக்கு ஓர் ஆட்டோ ஹெல்மெட் வரவழைத்துக் கொடுத்தார். வெல்டிங் தீ கிளம்பிய நொடியில் கண்ணாடி தானாகக் கறுக்கும், தீ நின்றால் வெளுக்கும். மணவாளன் அதைப் பனியன் துணியால் மட்டும்தான் துடைப்பான். பெயிண்ட் தின்னர் வாசம்கூடப் பட விடமாட்டான். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயுத பூஜை வந்தது. கம்ப்ரஸர், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஹெல்மெட்டில் கண்ணாடிக்கு மேலே இரண்டு சின்ன வட்டம், நடுவில் ஒரு பட்டை. பொட்டுக்காகவே கம்பெனிக்காரன் இடம் விட்டிருக்கிறான் என்று மணவாளன் பூரித்துப்போனான். நாங்களும் தலையாட்டினோம். மூன்று பொட்டு வைத்தான், தாராளமாக.

லீவு முடிந்து வேலையில் உட்கார்ந்தவன், வெல்டிங் ராடை இரும்பில் தொட்டதும் "ஐயோ" என்று எகிறினான். கண்ணாடி கறுக்கவில்லை.

"பேட்டரிய பாருப்பா" என்றார் ஹனீப் பாய்.

புது பேட்டரி போட்டான். இருந்த குமிழ்களை எல்லாம் கடைசி வரை திருகினான். வெயிலில் காயவைத்தான். கண்ணாடியைத் துடைத்தான், பொட்டை மட்டும் சுற்றி வளைத்துத் துடைத்தான். பூஜைப் பொட்டைக் கையால் அழிக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்பது எங்கள் ஷெட்டின் சட்டம்.

ஹனீப் பாய் ஹெல்மெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டருகே விரலைக் கொண்டுபோனவர், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"முன்னாடி நல்லா தொடச்சியா?"

"தொடச்சிட்டேன் பாய்."

"சரிப்பா. உங்க சாமி, உங்க பூஜை. நான் இன்னா சொல்றது?" என்று போய்விட்டார். என்ன சொல்ல வந்தார் என்று கேட்க எங்களில் ஒருவனுக்கும் புத்தி இல்லை.

முன்பு கையில் பிடித்து வேலை செய்த பழைய ஷீல்டைத் தொட்டால் புதியது கோபித்துக்கொள்ளும் என்று மணவாளன் அதையும் எடுக்கவில்லை. வெறும் முகத்தோடு கண்ணை இறுக மூடிக்கொண்டு வெல்டிங் வைத்தான். கண்ணிமை என்ன இரும்புத் தகடா? விடியும்போது இரண்டு கண்ணும் கோவைப்பழம். உருளைக்கிழங்கு வில்லை வைத்தும் எரிச்சல் அடங்கவில்லை. அன்றைக்குத்தான் ஊத்துக்கோட்டையில் பெண் பார்ப்பது. இந்த இடமும் தட்டிப்போனால் இனிப் பெண்ணே தேடுவதில்லை என்று அவன் அக்கா மணியம்மாள் சத்தியம் செய்திருந்தாள்.

அவன் கண்ணுக்கு வெயில் ஆகவில்லை. கறுக்காவிட்டாலும் கண்ணாடி லேசாகப் பச்சை மங்கலாயிருந்த அந்த ஹெல்மெட்டே கூலிங் கிளாஸுக்குப் பதிலாக உதவியது. அதை மாட்டிக்கொண்டு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தான். ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

பெண்ணின் அப்பா பச்சையப்பன், நெல் விவசாயி, வாசலிலேயே மலைத்து நின்றார். கேட்டு வெல்டிங் மணவாளன் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த மட்டும் நல்ல காலம்.

உள்ளே பெண் காபியோடு வந்தாள். பெயர் அருணா.

"மூஞ்சிய காட்டுடா" என்று முன்பே பஸ்ஸில் வந்திருந்த மணியம்மாள் இடித்தாள். ஹெல்மெட்டைத் தூக்கினான். சிவந்த கண், தாரை தாரையாகத் தண்ணீர்.

"குடிச்சிக்கினு வந்துகிறியா நைனா?" என்றார் பச்சையப்பன்.

மணவாளன் திக்கித் திணறி நடந்ததைச் சொன்னான். அருணா தட்டைக் கீழே வைத்தாள். ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் போய் வெயிலைப் பார்த்தாள். கழற்றினாள்.

"வெளிச்சத்த பாக்க கண்ணுன்னு ரெண்டு வச்சிகிறான் கம்பெனிக்காரன், அது மேல எதுக்குங்க பொட்டு?" என்று கேட்டுக்கொண்டே முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். மூன்று பொட்டும் போயிற்று.

"அடிப்பாவி! நல்ல காரியத்துல குங்குமத்த அழிச்சிட்டாளே!" மணியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "எழுந்திருடா, போலாம்!" பச்சையப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தேன்.

அருணா மறுபடி ஹெல்மெட்டை மாட்டி வெயிலைப் பார்த்தாள்.

"ஐயே, கறுத்துடுச்சி! ஒண்ணுமே தெரியல!"

மணவாளன் எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எனக்குப் பொண்ணு புடிச்சிருக்கு" என்றான்.

"மூஞ்சியே பாக்கலியேடா!" என்றாள் அக்கா.

"பரவால்லக்கா."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "எனக்கும் சம்மதம். இன்னொருக்கா கண்ண மூடிக்கினு வேல செஞ்சா தெரியும் சேதி."

நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது அவன் கண் தெளிந்திருந்தது. பச்சையப்பன் வீட்டு கேட்டின் முன் நின்றுவிட்டான். மகா கேவலமான வெல்டிங், நானே சொல்கிறேன். விரலால் தடவிப் பார்த்தான். நான் அவசரமாக அவன் கையைப் பிடித்தேன்.

"இன்னாடா?" என்றேன்.

"நல்லாத்தான் வச்சிகிறான்" என்றான் மணவாளன்.